விமானிகளின் கூட்டு நோய் விடுப்பு

விமானிகளின் கூட்டு நோய் விடுப்பு என்பது ஒரு விமான நிறுவனத்தில் பணிபுரியும் விமானிகள் (வானோடிகள்) பலர் ஒரே காலத்தில் உடல்நலமில்லை எனத் தெரிவித்துப் பணிக்கு வராமல் இருப்பதைக் குறிக்கும். முறையான வேலைநிறுத்த அறிவிப்பு கொடுக்க இயலாத நிலையிலோ, நீதிமன்றம் வேலைநிறுத்தத்தைத் தடை செய்துள்ள நிலையிலோ இது ஒரு போராட்ட வடிவமாகக் கையாளப்படுகிறது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டு ஜெட் ஏர்வேஸ் நிறுவனத்திலும், 2012ஆம் ஆண்டு ஏர் இந்தியா நிறுவனத்திலும் நடைபெற்ற போராட்டங்கள் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. இரண்டிலும் விமானிகள் பணிநீக்கம் செய்யப்பட்டனர்.

போராட்டமாக அல்லாமல் உண்மையாகவே நோயுற்று விடுப்பு எடுக்கும் விமானியும் வேலை இழக்கும் அச்சத்துக்கு ஆளாவதுண்டு. தகுதிகாண் பருவத்தில் இருக்கும் இளம் விமானிகளுக்கு இந்த அச்சம் மிகுதி. நோயுற்ற நிலையில் விமானம் ஓட்டக்கூடாது என்பது பன்னாட்டு விதி. எனவே இது பணியாளர் உரிமை பற்றியது மட்டுமன்று, பயணிகளின் பாதுகாப்பையும் பற்றியது.

உடல்தகுதி பற்றிய விதி

பெரும்பாலான தொழில்களில் நோய் விடுப்பு பணியாளரின் உரிமையாக மட்டுமே கருதப்படுகிறது. விமானியைப் பொறுத்தவரை அது கடமையும் ஆகும். பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பின் (ஐக்காவோ) சிகாகோ உடன்படிக்கை முதலாம் பின்னிணைப்பு, தம் உடல்தகுதி குறைந்திருப்பதை உணரும் உரிமம் பெற்றவர், பாதுகாப்பாகப் பணியாற்ற இயலாத நிலையில் அந்த உரிமத்தைப் பயன்படுத்தக்கூடாது என்று கூறுகிறது. இந்தியாவில் குடிசார் வான்போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதிகளும் இதே அடிப்படையில் அமைந்தவை. வணிக விமானிகள் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழை குறிப்பிட்ட கால இடைவெளியில் புதுப்பிக்க வேண்டும். ஆயினும் இரு மருத்துவப் பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட நாட்களில், இன்று பறக்கலாமா கூடாதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் விமானியே.

தரையில் சிறியதாகத் தோன்றும் நோய் வானில் பெரிதாகலாம். பயணிகள் விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் பொதுவாக 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் உள்ள அழுத்தத்துக்கு இணையாகப் பேணப்படுகிறது. விமானம் தரையிறங்கும்போது அழுத்தம் கூடுகிறது. சளியினால் நடுச்செவிக்கும் தொண்டைக்கும் இடைப்பட்ட குழல் அடைபட்டிருந்தால், இருபுறமும் அழுத்தம் சமனாகாமல் கடும் வலி உண்டாகிறது. செவிப்பறை கிழியவும் கூடும். தரையிறங்கும் கட்டத்தில்தான் விமானிக்கு முழுக் கவனம் தேவைப்படுகிறது. மேலும், சளிக்கும் ஒவ்வாமைக்கும் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மாத்திரைகள் பல தூக்கக் கலக்கம் தருபவை.

இதனால் விமானிகள் ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் பட்டியல் ஒன்று பயிற்சிக் காலத்திலேயே கற்பிக்கப்படுகிறது. அமெரிக்கக் கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகம் பரப்பிய அப்பட்டியல், நோய், மருந்து, மன அழுத்தம், மது, களைப்பு, உணர்ச்சி நிலை ஆகியவற்றைச் சரிபார்க்கச் சொல்கிறது. இவற்றுள் ஒன்றில் குறை இருந்தாலும் பறக்கக்கூடாது என்பது பாடம்.

தகுதிகாண் பருவம்

தகுதிகாண் பருவம் என்பது புதிதாகப் பணியில் சேர்ந்தவரின் திறமையும் நடத்தையும் மதிப்பிடப்படும் காலம் ஆகும். இந்தியாவில் மத்திய அரசின் தொழில் வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) விதிகள், 1946 தந்த மாதிரி நிலையாணைகள் தொழிலாளருக்கான தகுதிகாண் பருவத்தை 3 மாதங்கள் எனக் கொண்டன. விமான நிறுவனங்களில் பணி ஒப்பந்தத்தைப் பொறுத்து இக்காலம் மாறுபடுகிறது. அமெரிக்க விமான நிறுவனங்களில் இது பொதுவாக ஓராண்டு. அங்கு அந்த ஓராண்டுக்குள் நீக்கப்படும் விமானிக்காகத் தொழிற்சங்கம் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் முறையீடு செய்ய முடியாத நிலையே பெரும்பாலும் உள்ளது.

இப்பருவத்தில் இருப்பவரை நீக்க நிறுவனம் விரிவான காரணம் காட்ட வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் கண்டவாறு குறுகிய அறிவிப்பு தந்தால் போதும். நிலையான பணியாளரை நீக்குவதற்கு முன் நடத்த வேண்டிய துறைவிசாரணை பொதுவாக இங்குத் தேவைப்படுவதில்லை. வருகைப் பதிவு மதிப்பீட்டில் ஓர் அளவுகோலாக இருப்பதால், சில நாட்கள் நோய் விடுப்பு எடுத்தவர் 'நம்பகத்தன்மை குறைந்தவர்' எனக் கருதப்படலாம்.

விமானிகளின் நிலையைக் கூடுதலாகச் சிக்கலாக்குவன இரண்டு. முதலாவது பயிற்சிச் செலவு. வணிக விமானி உரிமம் பெற இந்தியாவில் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதன்பின் ஏர்பஸ் 320, போயிங் 737, ஏடிஆர் 72 போன்ற குறிப்பிட்ட விமான வகைக்கான தகுதியைத் தனியாகப் பெற வேண்டும். இதற்கெல்லாம் பல இலட்சம் ரூபாய் செலவாவதால், பெரும்பாலோர் கல்விக் கடனுடனேயே பணியில் சேர்கின்றனர். இரண்டாவது, பட்டியல் முறை. விமானியின் பணிமூப்பு அவர் சேர்ந்த நிறுவனத்துக்குள் மட்டுமே செல்லும். ஓரிடத்தில் வேலை இழந்தவர் வேறிடத்தில் கடைசி இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தகுதிகாண் பருவத்தினரை நீக்குவது பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளை வழங்கியுள்ளது. பர்சோத்தம் லால் திங்ரா (1958), சம்சேர் சிங் (1974), தீப்தி பிரகாஷ் பானர்ஜி (1999) ஆகிய வழக்குகள் குறிப்பிடத்தக்கவை. பணிக்குப் பொருத்தமற்றவர் என்ற மதிப்பீட்டில் நீக்குவது வேறு, குற்றச்சாட்டு ஒன்றின் அடிப்படையில் விசாரணையின்றித் தண்டிப்பது வேறு என்பது இத்தீர்ப்புகளின் சாரம். உத்தரவின் சொற்கள் எளிமையாக இருந்தாலும், அதன் பின்னணியில் தண்டிக்கும் அடிப்படை இருந்தால் நீதிமன்றம் அதனை ஆராயலாம். எனினும் இக்கோட்பாடு அரசுப் பணியிலும் அரசு சார்ந்த நிறுவனங்களிலும் உருவானது. தனியார் விமான நிறுவனத்தில் சேர்ந்தவருக்கு ஒப்பந்தமும் தொழிலாளர் சட்டங்களுமே முதன்மையான பாதுகாப்பு.

போராட்ட வடிவமாக நோய் விடுப்பு

வான்போக்குவரத்து இந்தியாவில் பொதுப்பயன்பாட்டுச் சேவையாகக் கொள்ளப்பட்டது. தொழில் தகராறுகள் சட்டம், 1947இன் 22ஆம் பிரிவின்படி, பொதுப்பயன்பாட்டுச் சேவையில் உள்ளவர்கள் முன்னறிவிப்பு தந்து, அதன்பின் குறைந்தது 14 நாட்கள் கழித்தே வேலைநிறுத்தம் செய்ய முடிந்தது. தொழிலாளர் ஆணையர் முன் சமரசப் பேச்சு நடக்கும் காலத்திலும், அது முடிந்த 7 நாட்களிலும் வேலைநிறுத்தம் கூடாது. அறிவிப்பு கொடுத்தவுடன் சமரசப் பேச்சு தொடங்கிவிடும் என்பதால், சட்டப்படியான வேலைநிறுத்தத்துக்கான வழி மிகக் குறுகியது.

இந்த நெருக்கடியில்தான் நோய் விடுப்பு ஒரு கருவியாகிறது. ஒவ்வொரு விமானியும் தனித்தனியே நோய் விடுப்பு கோருவதால், வெளித்தோற்றத்தில் அது வேலைநிறுத்தமாகத் தெரிவதில்லை. உடல்தகுதி இல்லை என்று சொல்லும் விமானியைப் பறக்குமாறு கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆயினும் நீதிமன்றங்கள் வெளித்தோற்றத்தை மட்டும் பார்ப்பதில்லை. பலர் ஒருமித்து வேலையை நிறுத்துவதே வேலைநிறுத்தம் என்பது 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் நோயுறுவதைத் தற்செயலாகக் கொள்ள இயலாது என்பது நிறுவனங்களின் வாதம்.

இந்தியாவில் நிகழ்ந்தவை

ஜெட் ஏர்வேஸ், 2009

2009ஆம் ஆண்டு சூலை மாதத்தில் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் தேசிய விமானிகள் சங்கம் (நேஷனல் ஏவியேட்டர்ஸ் கில்டு) என்ற தொழிற்சங்கத்தைத் தொடங்கினர். சிறிது காலத்துக்குள் அச்சங்கத்துடன் தொடர்புடைய இரு மூத்த விமானிகள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களைத் திரும்பச் சேர்க்கக் கோரிச் சங்கம் வேலைநிறுத்த அறிவிப்பு கொடுத்தது. தொழிலாளர் ஆணையர் முன் சமரசப் பேச்சு நடந்தது. மும்பை உயர் நீதிமன்றம் வேலைநிறுத்தத்துக்குத் தடை விதித்தது.

செப்டம்பர் 8 அன்று நூற்றுக்கணக்கான விமானிகள் நோய் விடுப்பில் சென்றனர். உள்நாட்டு, வெளிநாட்டுப் பறப்புகள் பெருமளவில் நீக்கப்பட்டு, பல்லாயிரம் பயணிகள் விமான நிலையங்களில் தவித்தனர். நிறுவனம் மேலும் சிலரை நீக்கியது. நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையும் தொடங்கியது. 5 நாட்கள் நீடித்த இப்போராட்டம் பேச்சுவார்த்தையில் முடிவுற்றது. நீக்கப்பட்ட விமானிகளைத் திரும்பச் சேர்க்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. குறைகளைப் பேசித் தீர்க்க இருதரப்பினரும் அடங்கிய ஆலோசனைக் குழு ஒன்று அமைக்க முடிவாயிற்று. ஜெட் ஏர்வேஸ் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 17 அன்று நிதி நெருக்கடியால் சேவையை நிறுத்தியது.

அதே 2009 செப்டம்பர் மாத இறுதியில் ஏர் இந்தியாவின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த விமானிகளும் ஊக்கத்தொகைக் குறைப்பை எதிர்த்து நோய் விடுப்பில் சென்றனர். சில நாட்களில் அது முடிவுக்கு வந்தது.

ஏர் இந்தியா, 2012

2007ஆம் ஆண்டு ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் இணைக்கப்பட்டன. இணைப்புக்குப் பின்னும் இரு பிரிவு விமானிகளும் தனித்தனிச் சங்கங்களில் இருந்தனர். முன்னாள் ஏர் இந்தியாவினர் இந்திய விமானிகள் கில்டிலும், முன்னாள் இந்தியன் ஏர்லைன்சினர் இந்திய வணிக விமானிகள் சங்கத்திலும் அங்கம் வகித்தனர். ஊதியம், பதவி உயர்வு, பணிமூப்பு ஆகியவற்றில் இருசாராருக்கும் இடையே வேறுபாடுகள் நீடித்தன. ஊதியச் சமநிலை கோரி 2011ஆம் ஆண்டு ஏப்ரல்-மே மாதங்களில் வணிக விமானிகள் சங்கத்தினர் 10 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பின்னர் நீதியரசர் தர்மாதிகாரி தலைமையிலான குழு, இணைப்பினால் எழுந்த பணியாளர் சிக்கல்களை ஆராய்ந்து 2012 தொடக்கத்தில் அறிக்கை அளித்தது.

அப்போது ஏர் இந்தியா போயிங் 787 டிரீம்லைனர் விமானங்களைப் பெறவிருந்தது. அவற்றை ஓட்டும் பயிற்சியை இரு பிரிவினருக்கும் பகிர்ந்தளிக்க நிர்வாகம் முடிவு செய்தது. நெடுந்தொலைவு விமானங்களை ஓட்டி வந்த தங்கள் உறுப்பினர்களின் பதவி உயர்வு இதனால் தாமதமாகும் என்று இந்திய விமானிகள் கில்டு எதிர்ப்புத் தெரிவித்தது.

2012 மே 8 அன்று கில்டைச் சேர்ந்த விமானிகள் பலர் நோயுற்றதாகத் தெரிவித்துப் பணிக்கு வரவில்லை. அன்றே 10 விமானிகள் நீக்கப்பட்டனர். சங்கத்துக்கு அளிக்கப்பட்ட ஏற்பும் விலக்கிக்கொள்ளப்பட்டது. மறுநாள் தில்லி உயர் நீதிமன்றம் போராட்டத்தைத் தொடரத் தடை விதித்தது. அதன்பின்னும் போராட்டம் தொடர்ந்தது. சில நாட்களில் நீக்கப்பட்டோர் எண்ணிக்கை 71 ஆகி, இறுதியில் 101 ஐ எட்டியது. நிறுவனம் தன் வெளிநாட்டுச் சேவைகளைக் குறைத்து, தற்காலிக அட்டவணையில் இயக்கியது. சூன் மாத இறுதியில் விமானிகள் சிலர் தில்லியில் உண்ணாநிலைப் போராட்டத்திலும் ஈடுபட்டனர்.

58 நாட்கள் நீடித்த இப்போராட்டம் சூலை 3 அன்று தில்லி உயர் நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. 48 மணி நேரத்துக்குள் பணிக்குத் திரும்புவதாக விமானிகள் உறுதியளித்தனர். நீக்கப்பட்டவர்களைத் திரும்பச் சேர்ப்பதைப் பரிவுடன் பரிசீலிப்பதாக நிர்வாகம் தெரிவித்தது. நிறுவனத்துக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 600 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. இந்திய வான்போக்குவரத்து வரலாற்றில் மிக நீண்ட விமானிகள் போராட்டங்களில் இதுவும் ஒன்று. அரசுடைமையாக இருந்த ஏர் இந்தியா 2022 சனவரி 27 அன்று டாட்டா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

2022க்குப் பின்

2022 சூலை 2 அன்று இண்டிகோ நிறுவனத்தின் உள்நாட்டுப் பறப்புகளுள் பாதிக்கும் மேற்பட்டவை தாமதமாயின. விமானப் பணிக்குழுவினர் பலர் நோய் விடுப்பு எடுத்திருந்தனர். அவர்களுள் பலர் ஏர் இந்தியாவின் ஆள்சேர்ப்பு நேர்காணலுக்குச் சென்றதாகச் செய்திகள் வெளியாயின. அடுத்த சில நாட்களில் ஊதியக் குறைவைக் காட்டி அந்நிறுவனத்தின் பராமரிப்புத் தொழில்நுட்பர் சிலரும் நோய் விடுப்பில் சென்றனர்.

2024 மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் விஸ்தாரா நிறுவனத்தில் விமானிகள் பலர் பணிக்கு வராததால் நூற்றுக்கும் மேற்பட்ட பறப்புகள் நீக்கப்பட்டன. ஏர் இந்தியாவுடன் இணையவிருந்த நிலையில் அறிமுகமான புதிய ஊதிய முறை, உறுதியான ஊதியத்துக்குரிய பறப்பு நேரத்தை மாதத்துக்கு 70 மணியிலிருந்து 40 மணியாகக் குறைத்ததே அதிருப்திக்குக் காரணம். விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவுடன் இணைந்தது.

2024 மே 7 இரவு முதல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் விமானப் பணிக்குழுவினர் நூற்றுக்கணக்கில் நோய் விடுப்பில் சென்றனர். இவர்கள் விமானிகள் அல்லர். எனினும் போராட்ட வடிவம் ஒன்றே. நூற்றுக்கும் மேற்பட்ட பறப்புகள் நீக்கப்பட்டன. நிறுவனம் 25 பேரைப் பணிநீக்கம் செய்தது. மே 9 அன்று தில்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன் நடந்த பேச்சில் உடன்பாடு ஏற்பட்டு, 25 பேரும் திரும்பச் சேர்க்கப்பட்டனர்.

மேற்கண்டவை கூட்டாக நிகழ்ந்தவை. நோய் விடுப்பு மிகுதியாவது எப்போதும் போராட்டம் ஆகாது என்பதற்கும் சான்று உண்டு. 2025 சூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 விமானம் விழுந்து 260 பேர் இறந்தனர். அதன்பின் சூன் 16 அன்று அந்நிறுவனத்தில் 51 தலைமை விமானிகளும் 61 துணை விமானிகளுமாக 112 பேர் நோய் விடுப்பு கோரியதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. விபத்துக்குப் பின் விமானிகளின் மனநலம் பற்றிய கேள்வி இதனால் எழுந்தது.

சட்ட நிலை

1947ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனங்களுக்கும் கட்டுப்பாடுகளை விதித்திருந்தது. சமரசப் பேச்சு நிலுவையில் இருக்கும்போது, தகராறுடன் தொடர்புடைய ஒழுங்கீனத்துக்காகத் தொழிலாளரை நீக்க 33ஆம் பிரிவின்படி உரிய அதிகாரியின் முன் அனுமதி தேவைப்பட்டது. பழிவாங்கும் நோக்கில் நீக்குவது ஐந்தாம் அட்டவணையில் நியாயமற்ற தொழில் நடைமுறையாகக் குறிக்கப்பட்டது. 12 மாதங்களில் 240 நாட்கள் பணிபுரிந்தவரை ஆட்குறைப்புச் செய்ய 25-எஃப் பிரிவின்படி அறிவிப்பும் இழப்பீடும் தர வேண்டியிருந்தது. தகுதிகாண் பருவத்தினர் பெரும்பாலும் 240 நாட்களை எட்டுவதற்கு முன்பே நீக்கப்படுவதால் இப்பாதுகாப்பு அவர்களுக்குக் கிட்டுவதில்லை. உயர் ஊதியம் பெறும் விமானி 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருவாரா என்பதும் பல வழக்குகளில் எழுந்த கேள்வி. ஊதிய அளவைவிடச் செய்யும் பணியின் தன்மையே இதில் முதன்மையாகக் கருதப்படுகிறது.

தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020 பழைய சட்டத்துக்கு மாற்றாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இதில் வேலைநிறுத்தத்தின் வரையறை விரிவாக்கப்பட்டுள்ளது. ஒரு நிறுவனத்தின் தொழிலாளர்களுள் 50 விழுக்காட்டினரோ அதற்கு மேற்பட்டோரோ ஒரு குறிப்பிட்ட நாளில் ஒருமித்துத் தற்செயல் விடுப்பு எடுப்பதும் வேலைநிறுத்தமே என்று அது கூறுகிறது. 14 நாள் முன்னறிவிப்பு எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் பொதுவாக்கப்பட்டுள்ளது. இவ்வரையறை தற்செயல் விடுப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறதேயன்றி நோய் விடுப்பைத் தனியாகக் குறிப்பிடவில்லை. ஆயினும் பலர் ஒருமித்து வேலையை நிறுத்துதல் என்ற பொது வரையறையும் தொடர்வதால், கூட்டு நோய் விடுப்பு அதன்கீழ் வர வாய்ப்புண்டு.

வேலைநிறுத்த உரிமை பற்றிய முக்கியமான தீர்ப்பு ஒன்று தமிழ்நாட்டிலிருந்து எழுந்தது. 2003 சூலை மாதத்தில் தமிழ்நாட்டு அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தபோது, மாநில அரசு ஏறத்தாழ 1.7 இலட்சம் பேரைப் பணிநீக்கம் செய்தது. இதனை எதிர்த்த டி. கே. ரங்கராஜன் வழக்கில் 2003 ஆகஸ்டு 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்று கூறியது. அதே வேளையில், நீக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் மன்னிப்பும் உறுதிமொழியும் அளித்துத் திரும்பப் பணியில் சேரவும் வழி ஏற்பட்டது. நீக்குதல், உறுதிமொழி, திரும்பச் சேர்த்தல் என்ற இதே வரிசை விமானிகள் போராட்டங்களின் முடிவிலும் காணப்படுகிறது.

விமானிகளின் பணி விலகல் மீதும் கட்டுப்பாடு உள்ளது. டிஜிசிஏ 2005ஆம் ஆண்டு 6 மாத முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியது. 2017இல் அது தலைமை விமானிகளுக்கு ஓராண்டாக நீட்டிக்கப்பட்டது. துணை விமானிகளுக்கு 6 மாதமாகவே நீடித்தது. தகுதிகாண் பருவத்தில் உள்ளவரை நிறுவனம் விரைவில் விலக்கிவிடலாம்; விமானியோ விரைவில் விலக இயலாது என்பது விமானிகள் சங்கங்கள் சுட்டிக்காட்டும் முரண்பாடு.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் 1999 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள், அந்நிறுவனம் ரீனோ ஏர் நிறுவனத்தை வாங்கியதை ஒட்டிய ஊதியத் தகராறில் நோய் விடுப்பில் சென்றனர். ஆயிரக்கணக்கான பறப்புகள் நீக்கப்பட்டன. நீதிமன்ற ஆணையை மீறியதற்காக விமானிகள் சங்கத்துக்குச் சுமார் 4.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

செருமனியில் 2016 அக்டோபரில் டூய்ஃபிளை நிறுவனம் மறுசீரமைப்பை அறிவித்ததும், நோய் விடுப்பில் சென்ற விமானிகளின் விகிதம் 89 விழுக்காடு வரை உயர்ந்தது. அதில் பாதிக்கப்பட்ட பயணிகளுக்கு இழப்பீடு உண்டா என்ற வழக்கில், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஏப்ரல் 17 அன்று தீர்ப்பளித்தது. நிர்வாகத்தின் அறிவிப்பால் எழுந்த இத்தகைய போராட்டம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட அசாதாரண நிகழ்வு ஆகாது, எனவே இழப்பீடு தர வேண்டும் என்று அது கூறியது.

நோயை மறைத்தலால் நேர்ந்தவை

நோய் விடுப்பு எடுக்கத் தயங்குவதன் விளைவு இரு விபத்துகளின் விசாரணையில் வெளிப்பட்டது.

2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து, தரையில் இருந்த ஒருவர் உட்பட 50 பேர் இறந்தனர். குறைந்த ஊதியம் பெற்று வந்த துணை விமானி, நாட்டின் மறுகோடியிலிருந்து இரவு முழுதும் பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார். அவருக்குச் சளி பிடித்திருந்தது. நோய் விடுப்பு எடுத்தால் குணமாகும் வரை விடுதியில் தங்கும் செலவு தம்மைச் சேரும் என்ற பொருளில் அவர் பேசியது விமானி அறை ஒலிப்பதிவில் உள்ளது. விமானத்தின் வேகக் குறைவை விமானிகள் கையாண்ட விதமே விபத்துக்கு முதன்மைக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. எனினும் அதன்பின் விமானிகளின் களைப்பும் பணிநிலைமையும் அமெரிக்காவில் பெரும் விவாதத்துக்கு உள்ளாகி, புதிய ஓய்வு விதிகள் 2014 சனவரியில் நடைமுறைக்கு வந்தன.

2015 மார்ச் 24 அன்று செருமன்விங்ஸ் 9525 விமானத்தை அதன் துணை விமானியே பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் மோதச் செய்ததில் 150 பேர் இறந்தனர். மருத்துவர்கள் அவருக்குப் பணி செய்ய இயலாது எனச் சான்று கொடுத்திருந்தும், அதனை அவர் நிறுவனத்திடம் தெரிவிக்கவில்லை. பறக்கும் உரிமையையும் வருமானத்தையும் இழக்கும் அச்சம் விமானிகளைத் தம் நோயை மறைக்கத் தூண்டக்கூடும் என்று பிரெஞ்சு விசாரணை அமைப்பு தன் அறிக்கையில் குறிப்பிட்டது. உரிமம் இழப்போருக்கான வருமானப் பாதுகாப்பையும், சக விமானிகள் வழி உதவும் திட்டங்களையும் அது பரிந்துரைத்தது.

களைப்பும் ஓய்வு விதிகளும்

இந்தியாவில் நோய் விடுப்புப் பற்றிய விவாதம் பணிநேர வரம்புடன் நெருங்கிய தொடர்புடையது. 2024 சனவரியில் டிஜிசிஏ வெளியிட்ட திருத்த விதிகள் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தின; இரவு நேரத் தரையிறக்கங்களை 6 இலிருந்து 2 ஆகக் குறைத்தன. தில்லி உயர் நீதிமன்ற வழக்கின் பின் இவை 2025 சூலை, நவம்பர் மாதங்களில் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. போதிய விமானிகளை ஏற்பாடு செய்யாத இண்டிகோ 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கான பறப்புகளை நீக்க நேர்ந்தது. அப்போது அந்நிறுவனத்துக்குச் சில விதிகளிலிருந்து தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. வார ஓய்வுக்கு ஈடாக விடுப்பைக் கணக்கிடக்கூடாது என்ற அறிவுறுத்தலும் டிசம்பர் 5 அன்று விலக்கிக்கொள்ளப்பட்டது. விடுப்பும் ஓய்வும் ஒன்றல்ல என்று கூறி விமானிகள் சங்கங்கள் இதனை எதிர்த்தன.

தென் தமிழ்நாட்டுப் பயணிகள்

கூட்டு நோய் விடுப்பின் தாக்கம் பெருநகரங்களைவிடச் சிறிய விமான நிலையங்களைச் சார்ந்திருப்போருக்குக் கூடுதலாகும். பெருநகரத்தில் ஒரு நிறுவனத்தின் பறப்பு நீக்கப்பட்டால் மற்றொன்றில் இடம் தேடலாம். தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில் நாள்தோறும் சில சேவைகளே உள்ளன. ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் போன்ற தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து சென்னை செல்ல வேண்டியவர், விமானம் இல்லையெனில் திருச்செந்தூரிலிருந்து புறப்படும் செந்தூர் விரைவுவண்டியையோ, தூத்துக்குடியின் முத்துநகர் விரைவுவண்டியையோ நம்ப வேண்டும்.

வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டத்தவர் பலர் திருவனந்தபுரம் விமான நிலையத்தையே பயன்படுத்துகின்றனர். 2024 மே மாதத்தில் கேரள விமான நிலையங்களிலிருந்து வளைகுடா செல்லும் சேவைகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. விடுமுறை முடிந்து குறித்த நாளில் திரும்பாவிட்டால் வேலையையும் விசாவையும் இழக்க நேரும் தொழிலாளரும் அப்பயணிகளுள் இருந்தனர். ஒரு தரப்பினர் வேலையைக் காக்க எடுத்த விடுப்பு, மற்றொரு தரப்பினரின் வேலைக்கு இடராக அமைந்தது.

கருத்துகள்

நிறுவனங்களின் தரப்பில், கூட்டு நோய் விடுப்பு பயணிகளைப் பணயம் வைப்பது என்றும், பொய்யான மருத்துவக் காரணம் காட்டுவது விமானிக்குரிய நம்பகத்தன்மைக்குப் பொருந்தாது என்றும் கூறப்படுகிறது. விமானிகள் தரப்பில், சட்டப்படியான வேலைநிறுத்தத்துக்கு வழியே இல்லாத நிலையில் இது கடைசிக் கருவி என்று வாதிடப்படுகிறது.

பாதுகாப்பு வல்லுநர்கள் வேறொரு கவலையை முன்வைக்கின்றனர். நோய் விடுப்பு போராட்டக் கருவியாகும்போது, ஒவ்வொரு நோய் விடுப்பையும் நிறுவனம் ஐயத்துடன் பார்க்கத் தொடங்குகிறது. அந்த ஐயத்தின் சுமையை முதலில் தாங்குபவர் சங்கப் பாதுகாப்பு இல்லாத, தகுதிகாண் பருவத்தில் உள்ள விமானியே. தண்டனை அச்சமின்றிக் குறைகளைத் தெரிவிக்கும் சூழல் வான்பாதுகாப்பில் 'நேர்மைப் பண்பாடு' எனப்படுகிறது. பிழைகளைத் தெரிவிப்பதற்கு இக்கோட்பாடு இந்தியா உட்படப் பல நாடுகளில் ஏற்கப்பட்டுள்ளது. அதே கோட்பாடு நோயைத் தெரிவிப்பதற்கும் விரிவாக்கப்பட வேண்டும் என்பது விமானிகள் அமைப்புகளின் கோரிக்கை ஆகும்.